இரும்பு சேனலுக்கும் எர்த் வேண்டும்

போன விடுமுறையில் கொழிஞ்சாம்பாறை போயிருந்தேன். மாமா வீட்டுச் சுவரில் புதிதாக இரும்பு சேனலில் ஒயரிங். சுவரை உடைக்காமல் முடித்துவிட்டதில் அவருக்குப் பெருமை. "எர்த் எங்கே மாமா?" என்றேன். "ஒயர்தான் உள்ளே பத்திரமா இருக்கே, எதுக்கு எர்த்து?" என்றார்.

இந்த நினைப்புதான் ஆபத்து. பிளாஸ்டிக் சேனல் மின்சாரத்தைக் கடத்தாது, இரும்பு கடத்தும். உள்ளே ஒரு ஒயரின் தோல் உரிந்தால் போதும், எர்த் இல்லாத சேனல் நீளம் முழுக்க ஷாக் அடிக்கும். ஒயரை மூடும் உலோக உறை முழுவதும், மூட்டுகளையும் பெட்டிகளையும் தாண்டி, தொடர்ச்சியாக எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிகள். மூட்டில் பெயின்ட் அடித்தால் அந்தத் தொடர்ச்சி போச்சு. ஃபேஸும் நியூட்ரலும் ஒரே சேனலில் போக வேண்டும். பிரித்தால் இரும்பு சூடாகும். ஒயரைத் திணிக்கவும் கூடாது.

எங்கள் கிழக்குப் பாலக்காட்டில் கோடையில் மண் காய்ந்தால் எர்த் குழியும் சோர்ந்துவிடும். தண்ணீர் ஊற்ற வேண்டும். மூணாறு பக்கம் தலைகீழ், மழைக்காலத்தில் சுவரே ஈரம். இரண்டு இடத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். ஆனால் அது எர்த்துக்கு மாற்று இல்லை.

இங்கே இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறோம். ஊருக்குப் பணம் அனுப்பும்போது மட்டும் டைல்ஸ் நிறத்தைக் கேட்கிறோம், எர்த்தைக் கேட்பதில்லை. அந்தச் சுவரில் கை வைக்கப் போவது நம் அம்மா அப்பாதான். அடுத்த முறை போனில் இதையும் கேளுங்கள்.