கார் கிளம்பாவிட்டால் சகுனத் தடையா?

சென்ற மாதக் கிருத்திகையன்று செந்தூர் ஆண்டவனின் விஸ்வரூப தரிசனம் காண வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆவல். சென்னையில் மகள் வீட்டில் நாற்பது நாட்கள் தங்கிவிட்டு முதல்நாள்தான் தூத்துக்குடிக்குத் திரும்பியிருந்தோம். பூக்கூடை, பன்னீர், விபூதிப் பை எல்லாவற்றையும் இரவே எடுத்து வைத்துவிட்டாள். இங்கிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர்தான். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் நடை திறக்கும் நேரத்திற்குச் சென்றுவிடலாம்.

காரில் அமர்ந்து சாவியைத் திருப்பினேன். "டிக், டிக், டிக்" என்று ஓர் ஒலி எழுந்தது, இஞ்சின் சுழலவில்லை. மறுபடியும் திருப்பினேன். பத்து முறைக்கு மேல் திருப்பியிருப்பேன். ஒலி மெலிந்துகொண்டே வந்து முற்றிலும் நின்றது. டாஷ்போர்டு விளக்குகளும் அணைந்தன.

மனைவி கூடையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தாள். சிறிது நேரம் கழித்து, "முருகன் இன்னைக்கு நம்மை வர வேண்டாம்னு சொல்றான் போலிருக்குங்க. விரதத்துல நான் ஏதோ குறை வச்சிருக்கேன்" என்றாள். குரல் தழுதழுத்தது. வண்டி கிளம்பாததைவிட அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. எந்தக் குறையும் வைக்காதவள் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டாளே என்று வருந்தினேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி எழுந்து வந்தார். துறைமுகத்தில் பல்லாண்டுகள் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். "என்ன ஆச்சு?" என்று அவர் கேட்கவில்லை. "சார், திருப்பும்போது என்ன சத்தம் வந்தது?" என்றுதான் கேட்டார். சொன்னேன். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். பேட்டரியின் இரு முனைகளிலும் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்ததுபோல் பொடி படிந்திருந்தது.

"நம்ம ஊர்க் காத்து சார். நாற்பது நாள் வண்டியை நகர்த்தாம வச்சா இப்படித்தான். சாமி மேல பழி போடாதீங்க அம்மா" என்றார்.

முத்துக்குப் பெயர் பெற்ற இந்தக் கரைக்கு உப்பும் ஒரு செல்வம். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்து அளங்களில்தான் விளைகிறது. ஆனால் உப்பும் ஈரமும் கலந்த கடற்காற்று உலோகத்திற்குப் பகை. பேட்டரியிலிருந்து கசியும் அமில ஆவி முனைகளை அரிக்கத் தொடங்கினால், இக்காற்று அந்த அரிப்பை விரைவுபடுத்துகிறது. படிந்த பொடி மின்னோட்டத்தைத் தடுக்கிறது. நிறுத்தி வைத்த காரிலும் கடிகாரம், திருட்டுத் தடுப்புக் கருவி போன்றவை சிறிது சிறிதாக மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கும். நாற்பது நாட்களில் என் பேட்டரி வற்றிப் போயிருந்தது. மிச்சம் இருந்த கொஞ்ச சக்தியையும் நானே பத்து முறை சாவியைத் திருப்பித் தீர்த்துவிட்டேன்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில், நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் ஆராய்ந்த பின்பே அதைத் தணிக்கும் வழியை நாடச் சொல்கிறார். அண்ணாச்சி அன்று செய்தது அதையே. அவரிடம் கற்றதை, காரை வீட்டில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் வீட்டிற்குச் சென்று வரும் என் வயது அன்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் பதறாமல் கியரைக் கவனியுங்கள். தானியங்கி கியர் வண்டியானால் அது 'பி' அல்லது 'என்' நிலையில் இருக்க வேண்டும். சாதாரண கியர் வண்டிகள் சிலவற்றில் கிளட்சை முழுவதும் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். பிறகு ஒருமுறை மட்டும் சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஒலியும் இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால் பேட்டரி முற்றிலும் வற்றியிருக்கும். அல்லது அதன் முனை கழன்றிருக்கும். எனக்குக் கேட்டதுபோல் விரைவான "டிக் டிக்" வந்தால் பேட்டரியில் சக்தி குறைவு, அல்லது முனைகளில் அழுக்கு. விளக்குகள் பிரகாசமாக எரிந்து, ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரில் கோளாறு இருக்கலாம்; அது மெக்கானிக்கின் வேலை. இஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளாவிட்டால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். எரிபொருள் இருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு தொடர்ந்து மின்னினால், வண்டி தன் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். வீட்டிலுள்ள மற்றொரு சாவியால் முயன்று பார்க்கலாம்.

எதுவானாலும் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சாவியைத் திருப்பிப் பிடிக்கக் கூடாது. அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

அண்ணாச்சி எதிர்முனைக் கம்பியை, அதாவது கழித்தல் குறியுள்ளதை, முதலில் கழற்றினார். பிறகே கூட்டல் குறியுள்ளதைக் கழற்றினார். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் தூரிகையால் முனைகளைத் தேய்த்துக் கழுவித் துடைத்தார். அந்தப் பொடியும் அமிலமும் கண்ணில் படக் கூடாது. ஆகவே கண்ணாடியும் கையுறையும் அணிவது அவசியம். திரும்பப் பொருத்தும்போது கூட்டல் முனையை முதலிலும் கழித்தல் முனையைக் கடைசியிலும் முடுக்கி, மேலே சிறிது வாஸலீன் தடவினார்.

பின்னர்த் தம் காரை அருகில் கொண்டுவந்து ஜம்பர் கேபிளை எடுத்தார். சிவப்புக் கம்பியின் ஒரு முனையை என் பேட்டரியின் கூட்டலிலும், மறு முனையை அவர் பேட்டரியின் கூட்டலிலும் மாட்டினார். கறுப்புக் கம்பியின் ஒரு முனையை அவர் பேட்டரியின் கழித்தலில் மாட்டினார். கறுப்பின் கடைசி முனையை மட்டும் என் பேட்டரியில் மாட்டவில்லை. சற்றுத் தள்ளி இஞ்சினின் வர்ணம் பூசாத இரும்புப் பகுதியில் மாட்டினார். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதன் அருகில் பொறி பறந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. தம் காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டார். பிறகு நான் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே இஞ்சின் உயிர்பெற்றது. கம்பிகளை மாட்டிய வரிசைக்கு நேர் தலைகீழாகக் கழற்றினார். கம்பி பிடிக்கத் தெரிந்தவர் உடன் இல்லாவிட்டால் நம் போன்ற முதியோர் இதில் இறங்காமல் மெக்கானிக்கை அழைப்பதே நலம்.

இதே அண்ணாச்சி முன்பு ஒருமுறையும் என்னைக் காப்பாற்றியவர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தை மூழ்கடித்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் தெருவிலும் வெள்ளம் புகுந்து காரின் கதவுவரை நின்றது. நீர் வடிந்ததும் வண்டி ஓடுகிறதா என்று பார்க்க நான் சாவியோடு ஓடினேன். "சாவியைத் தொடாதீங்க சார்!" என்று மாடியிலிருந்தே கத்தினார்.

காரணத்தைப் பிறகு விளக்கினார். இஞ்சினுக்குள் காற்றை அழுத்தலாம். நீரை அழுத்த முடியாது. உள்ளே நீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்து இஞ்சினே பாழாகிவிடும். வெள்ளத்தில் நின்ற காரின் பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, வேறு வண்டியில் ஏற்றிப் பணிமனைக்கு அனுப்புவதுதான் முறை. வங்கியில் வாகனக் கடன் பார்த்தவன் என்ற முறையில் நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள வண்டிக்கு வெள்ளச் சேதத்திற்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், நீரில் நின்ற வண்டியை நாமே ஸ்டார்ட் செய்து இஞ்சினைக் கெடுத்துக்கொண்டால், இஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிராதவர்களுக்கு அந்தச் செலவைப் பெரும்பாலும் தருவதில்லை. ஐப்பசி மழைக்கு முன் உங்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வயதில் கார் என்பது கோயிலுக்குச் செல்ல மட்டுமன்று, நள்ளிரவில் மருத்துவமனைக்குச் செல்லவும்தான். நெஞ்சு வலிக்கும் வேளையில் வண்டி கிளம்பவில்லையென்றால் அதனோடு போராடக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அந்த நிலை வராதிருக்க வாரம் ஒருமுறையாவது வண்டியை அரைமணி நேரம் ஓட்டி வாருங்கள். நின்ற இடத்திலேயே சில நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூடத் திரும்பச் சேராது. பேட்டரியின் ஆயுள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். வெயில் மிகுந்த நம் ஊரில் மூன்று ஆண்டு கடந்ததும் கடையில் கொடுத்துச் சோதிப்பது நல்லது.

ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். பானெட்டைத் திறந்து பார்க்கிறோமா? நான் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்ததில்லை. கருவியைப் பேணுவதும் அந்தப் பூஜையின் பகுதிதானே!

அன்று நாங்கள் புறப்பட்டபோது மணி ஐந்தரை. முள்ளக்காடு தாண்டிப் பழையகாயல் வரும்போது வெளிச்சம் பரவி, இருபுறமும் உப்புக் குவியல்கள் வெண்மையாகத் தெரிந்தன. மனைவி அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். விஸ்வரூப தரிசனம் கிட்டவில்லை; ஆனால் கூட்டம் சற்றுக் குறைந்த வேளையில் நெடுநேரம் நின்று ஆண்டவனைக் கண்குளிரக் கண்டோம். பிரசாதத்தில் ஒரு பங்கை அண்ணாச்சிக்கென்று இலையில் தனியே முடிந்துகொண்டாள்.

வீடு திரும்பும் வழியில், "விரதத்துல குறை ஒண்ணும் இல்லைதானே?" என்று கேட்டாள். "குறை உன்னிடம் இல்லை, நாற்பது நாள் வண்டியை மறந்த என்னிடம்தான்" என்றேன். அன்று முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை விளக்கேற்றியதும், சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிடுகிறாள். சிவன் கோயில்வரை ஒரு சுற்றுப் போய் வருகிறோம்.

செந்திலாண்டவன் எல்லோரையும் காப்பானாக!