துளி வரைந்த வட்டம்



நெய்வேலி நகரியத்தில் வாழ்வோருக்கு 'வட்டம்' என்பது அன்றாடம் புழங்கும் சொல். "எந்த வட்டம்?" என்று கேட்டுத்தான் இங்கே ஒருவர் இல்லத்தை மற்றவர் அறிந்துகொள்வர். இத்திங்கள் நான் எழுத முற்பட்டிருப்பது வேறொரு வட்டத்தைப் பற்றி. அது என்னைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்க வைத்த வட்டம்.

எங்கள் மதரஸாவின் வருகைப் பதிவேட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறோம். ஒருநாள் அஸருக்குப் பின் அதைக் கையில் எடுத்தபோது, உறையின்மேல் பழுப்பு நிறத்தில் சிறு வட்டம் ஒன்று தென்பட்டது. அதன் கோடு மெல்லியதாகவும் கருமையாகவும் இருந்தது. உட்புறமோ ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. பேனாவால் சுழித்தது என்றே எண்ணினேன். பதிவேட்டை எடுத்து வருவது ஒரு மாணவனின் பொறுப்பு. அவனை அழைத்துக் கடிந்துகொண்டேன். "நான் வரையவில்லை, ஹஜ்ரத்" என்றான். மறுத்துப் பேசுவதையும் ஒரு குற்றமாகக் கருதி, அவனை ஓரமாக நிற்க வைத்துவிட்டேன்.

பாடம் முடிந்ததும் அவன் தயக்கத்துடன் வந்தான். "நேற்று தாங்கள் வரக்காப்பி குடித்தீர்களே, ஹஜ்ரத். அது சிந்தியிருக்கலாம்" என்றான். நீரிழிவின் காரணமாகப் பாலும் சீனியும் சேர்க்காத காப்பியே நான் அருந்துவது. "சிந்திய துளி காய்ந்தால் நடுவில்தானே கறை தடித்திருக்க வேண்டும்? துளி நடுவில்தானே உயர்ந்து நிற்கிறது?" என்று கேட்டேன். அதற்கு அவனிடம் விடையில்லை. "ஒரு துளி விட்டுப் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் வகுப்புத் தொடங்கும்போது அதே உறையின்மேல் ஒரு துளி வரக்காப்பி விட்டோம். மக்ரிப் பாங்கு ஒலிக்கும் வேளையில் அது முழுவதும் உலர்ந்திருந்தது. முந்தைய வட்டத்தின் அருகே, அச்சில் வார்த்தாற்போல் இன்னொரு வட்டம்!

நான் கலைப் பட்டதாரி. அறிவியல் என் துறையன்று. எனினும் இதன் காரணத்தை அறியாமல் விடுவது முறையாகப் படவில்லை. படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே தருகிறேன்.

வரக்காப்பி வெறும் நிறமேற்றிய நீரன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் அதில் மிதக்கின்றன. துளி ஒரு பரப்பின்மேல் விழுந்ததும், அப்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அதன் விளிம்பு பற்றிக்கொள்கிறது. பிறகு துளி தட்டையாகிக்கொண்டே போகுமேயன்றி, விளிம்பு எளிதில் உள்வாங்காது. அந்த விளிம்பில்தான் நீர் மிக விரைவாக ஆவியாகிறது. ஆவி வெளியேறுவதற்கு அங்கே இடம் அதிகம். ஈர அரிசியைத் துணியில் பரப்பினால் ஓரத்து அரிசி முதலில் உலர்வதை நம் இல்லத்தரசிகள் அறிவர்.

விளிம்போ நகராது, அங்கே நீர் மட்டும் விரைந்து குறைகிறது. அந்தக் குறையை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. அவ்வோட்டம் துகள்களையும் உடன் இழுத்துச் செல்கிறது. நீர் ஆவியாகிப் போய்விடும். துகள்கள் போக வழியின்றி அங்கேயே குவியும். குவிந்த துகள்கள் விளிம்பை மேலும் இறுகப் பிடித்துக்கொள்ளும். இறுதியில் நடுவில் இருந்தவற்றில் பெரும்பகுதி ஓரத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

இவ்விளக்கத்தை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகன் முதலியோர் 1997-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். காப்பிக் கறை காலங்காலமாக மனிதர் கண்டுவந்ததே. அதன் காரணமோ அண்மைக் காலத்தில்தான் தெளிவாயிற்று! நடுவில் சிறு துளையிட்ட மூடியால் துளியை மூடி, நடுப்பகுதியிலிருந்து மட்டும் ஆவி வெளியேறும்படி செய்தபோது வளையம் உண்டாகவில்லை. விளிம்பில் நிகழும் ஆவியாதலே வளையத்திற்குக் காரணம் என்பது இதனால் உறுதியாயிற்று.

விளிம்பைப் பற்றிக்கொள்ளாத பரப்பில் கதை வேறு. தாமரையிலை போன்று நீர் ஒட்டாத பரப்பில், துளி உருண்டையாகவே சுருங்கிக்கொண்டு வரும். அதிலுள்ள துகள்கள் வட்டமாகாமல் சிறு புள்ளியாக ஒடுங்கிவிடும்.

நம் ஊரில் இதைக் காணக் காப்பியும் தேவையில்லை. பழுப்பு நிலக்கரி வெட்டி எரிக்கப்படும் ஊரில் தூசிக்குப் பஞ்சமேது? சிறுதூறல் பெய்து ஓய்ந்தபின் சன்னல் கண்ணாடியையும் வாகனத்தின் மேற்பரப்பையும் உற்று நோக்குங்கள். சாம்பல் நிற வளையங்கள் பல தென்படும். உளூச் செய்யுமிடத்துக் குழாயில் காணும் வெண்ணிற வளையங்களும் இவ்வகையைச் சார்ந்தவையே. அவை நீரில் கரைந்திருந்த உப்புகள் ஓரத்தில் படிந்தவை.

துகளின் வடிவத்திற்கும் இதில் பங்குண்டு. அனல்மின் உலையின் கடும் வெப்பத்தில் நிலக்கரியிலுள்ள கனிமங்கள் உருகிக் குளிர்வதால், உலைச் சாம்பலில் உருண்டைத் துகள்கள் மிகுதி. உருண்டைத் துகள்கள் நீரோட்டத்துடன் எளிதில் விளிம்புக்குச் சென்றுவிடும். 2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் உருண்டைத் துகள்களை இழுத்து நீளமாக்கிச் சோதித்தனர். நீண்ட துகள்கள் துளியின் மேற்பரப்பில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓரத்துக்கு நகர மறுத்தன. கறையும் சீராகப் பரவிற்று. சென்னை ஐ.ஐ.டி.யின் வேதிப் பொறியியல் துறையிலும் இவ்வாறு துகள் கலந்த துளிகள் உலரும் விதம் ஆராயப்பட்டுள்ளது. மை கொண்டு அச்சிடும் பொறிகளுக்கும் வண்ணப் பூச்சுகளுக்கும் இவ்வறிவு இன்றியமையாதது. துளிதோறும் ஓரம் தடித்தால் அச்சும் பூச்சும் சீராக அமையுமா?

இல்லத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கண்ணாடியிலோ மேசையிலோ துளி சிந்தினால், காயுமுன் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஈரமாக இருக்கும்வரை துகள்கள் நீரோடு வந்துவிடும். காய்ந்தபின் ஓரத்தில் இறுகிவிடும்.

எனக்குக் கிடைத்த பாடம் வேறு. துளியின் ஓட்டம் செய்த வேலையை ஒரு சிறுவனின் கை செய்ததாக நான் தீர்ப்பளித்தேன். கண்ணால் கண்டதே சான்று என்று துணிந்தேன். அவன் சொன்ன சொல்லைக் கேட்டும் கேளாதவனானேன். தீர விசாரித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும் என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் போதிப்பவனும் நானே!

அவனை ஓரத்தில் நிறுத்தியது எல்லா மாணவர்களின் கண்முன் நடந்தது. ஆதலின் மன்னிப்பையும் எல்லோர் முன்னிலையிலேயே கேட்டேன். அவன் நாணத்துடன் சிரித்துவிட்டுத் தன் இடத்தில் போய் அமர்ந்தான். பதிவேட்டின் உறையிலுள்ள அவ்விரு வட்டங்களையும் துடைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நாள்தோறும் பெயர் வாசிக்கும்போது என் கண்ணில் அவை படட்டும்.