குளத்திலும் இடப்பக்கம்தான்!



கோடை வந்துவிட்டால், அயனம்பாக்கம் வட்டாரத்து நீச்சல் குளங்களில் நிதானமாக நாலு சுற்று நீந்த முடிவதில்லை. தண்ணீர் போதாமலில்லை, ஒழுங்குதான் போதவில்லை.

போட்டிக் குளத்தில் ஒரு தடத்தின் அகலம் இரண்டரை மீட்டர். சாலையில் போவதுபோல, போகும்போதும் வரும்போதும் இடப்பக்கமாகவே நீந்தினால் நான்கைந்து பேருக்குத் தாராளம். நான் போகும் குளத்தில் ஒருவர் நட்டநடுவே மல்லாந்து நீந்துகிறார். போன வாரம் அவர் கை பட்டு என் காகிள்ஸ் கழன்றே போனது. திரும்பும் சுவரில் இருவர் சாய்ந்துகொண்டு வீட்டு வாடகை பேசுகிறார்கள். தலை நிறையத் தேங்காய் எண்ணெயோடு இறங்குபவர்கள் தனி ரகம். கண் எரிந்தால் குளோரின் அதிகம் என்று ஊழியரைத் திட்டுகிறோம். ஆனால், குளிக்காமல் இறங்குவோரின் வியர்வையும் (சிறுநீரும்தான், சொல்லக் கூசுகிறது) குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் பெரும்பாலும் காரணம்.

வேகத்துக்கேற்பத் தடம் பிரித்துத் தமிழில் பலகை வைக்கலாம். பின்னால் வருபவர் பாதத்தை லேசாகத் தொட்டால், சுவரோரம் ஒதுங்கி வழிவிடும் வழக்கத்தைப் பயிற்சியாளர்கள் முதல் வகுப்பிலேயே சொல்லித் தரலாம். மெரினா, வேளச்சேரி பொதுக் குளங்களில் இதைத் தொடங்கினால் தனியார் குளங்களையும் கேட்க வசதியாக இருக்கும்.

– ஒரு வாசகர், அயனம்பாக்கம்