எந்த கம்பெனி லேப்டாப் நல்லதுன்னு என்கிட்ட கேட்காதீங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், எங்க தெருவுல எனக்குத் திடீர்னு மவுசு கூடிடும். "தம்பி, நீதான் கம்ப்யூட்டர் படிச்ச பையனாச்சே, எந்த கம்பெனி லேப்டாப் நல்லது, சொல்லு." பொட்டி தட்டுறவன்ங்கிற ஒரே தகுதியை வச்சுக்கிட்டு நானும் பெரிய மேதாவி மாதிரி ஒரு பேரைச் சொல்லுவேன். நாலு வருஷ இன்ஜினியரிங்ல லேப்டாப் கீல் எப்படி உடையும்னு ஒரு வகுப்புகூட நடக்கலைங்கிறதை யாரும் கேட்கலை, நானும் சொல்லலை.

அப்படி நான் பேர் சொல்லி வாங்க வச்சதுல ஒண்ணு, ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல செங்கம் ரோட்டுல இளநீர் வெட்டுற அக்காவோட பொண்ணுக்கு. சீட்டு எடுத்த காசு, நாப்பத்தஞ்சாயிரம். பதினாலாவது மாசம், மூடியைத் திறக்கும்போது டக்குனு ஒரு சத்தம். இடது பக்கக் கீல் பிளாஸ்டிக்கைப் பேர்த்துக்கிட்டு வெளியே வந்துடுச்சு. வாரண்டி ஒரு வருஷம்தான். சென்னைக்குக் கொண்டு வாங்கன்னு போன்ல சொல்லிட்டாங்க. கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். ரெண்டு நாள் கடையை மூடிட்டு ரெண்டு தடவை பஸ் ஏறின அக்காவுக்குக் கிடைச்ச பதில், "மூடி, அடிப்பக்கம், டிஸ்ப்ளே எல்லாம் சேர்த்துதான் மாத்தணும், பத்தொன்பதாயிரம் ஆகும்." அக்கா என்னைத் திட்டலை. "நீ நல்லதுன்னுதானேப்பா சொன்ன"ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டியே இருக்கலாம்.

அதனாலதான் இந்தப் பதிவு. "நான் எட்டு வருஷமா இந்த கம்பெனிதான், ஒரு தொந்தரவு இல்லை"ன்னு பின்னூட்டத்துல சத்தியம் பண்ற கோஷ்டிக்கும், எனக்கும் சேர்த்து.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்தான், ஒத்துக்கறேன். ஆனா அது ஒரே பானைக்குத்தான் மக்கா. ஒரு கம்பெனி வருஷத்துக்கு எத்தனை பானை வைக்குதுன்னு பார்த்தீங்களா? அரசு இலவச மடிக்கணினித் திட்டம் 2011ல ஆரம்பிச்சப்புறம் பிளஸ் டூ படிச்ச கூட்டம் நாங்க. எங்க வகுப்புல எல்லாருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், முதுகுல ஒரே படம். ஒருத்தனுது ஆறே மாசத்துல மண்டையைப் போட்டுச்சு. இன்னொருத்தனுது அவங்கப்பா கடையில இன்னைக்கும் பில் போடுது. இதுல எவன் சத்தியத்தை நம்புறது?

சரி, கணக்கு இருக்கான்னு கேட்பீங்க. பழசு ஒண்ணு இருக்கு. ஸ்கொயர்டிரேட்னு வாரண்டி விக்கிற அமெரிக்க கம்பெனி 2009ல முப்பதாயிரம் லேப்டாப்பை வச்சு ஒரு கணக்கு போட்டுச்சு, மூணு வருஷத்துல தானா பழுதாகுறது எத்தனைன்னு. அசுஸ் 15.6%, தோஷிபா 15.7%, சோனி 16.8%. கடைசியா எச்பி 25.6%. "பார்த்தியா, வித்தியாசம் இருக்குல்ல"ன்னு குதிக்காதீங்க. முதல் மார்க் வாங்கினவன்கிட்டயே ஆறேழுல ஒண்ணு புட்டுக்குது. கீழ போட்டது, காபி ஊத்தினதெல்லாம் தனிக் கணக்கு. இதுல வேடிக்கை என்னன்னா, மூணாவது வந்த சோனி 2014ல வையோவை வித்துட்டுப் போயிடுச்சு. ரெண்டாவது வந்த தோஷிபா 2018ல பெரும்பங்கை ஷார்ப்புக்கு வித்து, 2020ல முழுசா கையைக் கழுவிடுச்சு. நம்ம பாண்டிச்சேரியில பொட்டி செஞ்சுட்டிருந்த எச்.சி.எல். 2013லயே நிறுத்தறோம்னு அறிவிச்சாச்சு. பேரை நம்பி வாங்கினா, பேரே காணாம போகுது.

உள்ளே இருக்கறதும் அவங்க செய்யறது இல்லை. குவாண்டா, காம்பல், விஸ்ட்ரான்னு சில தைவான் கம்பெனிங்கதான் பாதி ஊருக்கு லேப்டாப் செஞ்சு கொடுக்குது. சமையல்காரர் ஒருத்தரே, மண்டபம் மட்டும் வேற. 2006 ஆகஸ்ட்ல டெல் 41 லட்சம் பேட்டரியைத் திரும்ப வாங்குச்சு, தீப்பிடிக்குதுன்னு. அதே மாசம் ஆப்பிள் 18 லட்சம். அடுத்த மாசம் லெனோவோ அஞ்சு லட்சத்துக்கு மேல. மூணுலயும் உள்ளே இருந்தது சோனி செல். அப்போ டெல்லை விட்டு ஆப்பிளுக்கு ஓடினவன் எதுல இருந்து தப்பிச்சான்?

ஒரே கம்பெனிக்குள்ள இருக்கிற வித்தியாசம்தான் பெருசு. டெல்லுல லாட்டிட்யூட் (2025ல இருந்து டெல் ப்ரோன்னு பேரை மாத்திட்டாங்க), எச்பியில எலைட்புக், லெனோவோல திங்க்பேட் டி வரிசை, இதெல்லாம் ஆபீசுக்கு மொத்தமா விக்கிறது. அங்க ஆயிரம் மெஷின் வாங்கினவன் சட்டையைப் பிடிப்பான்னு பயம் இருக்கு. அதே கம்பெனி ஆன்லைன் தள்ளுபடில விக்கிற வீட்டு மாடல்ல, கீல் ஸ்க்ரூ போய் உட்கார்ற பித்தளை மரையை வெறும் பிளாஸ்டிக்குல பதிச்சிருப்பாங்க. கீல் இறுக இறுக அது பிச்சுக்கிட்டு வரும். அக்கா பொண்ணுக்கு நடந்தது அதுதான். ஸ்டிக்கர்ல இருக்கற பேரைப் பார்த்தா இது தெரியுமா?

எங்க ஊரு மாதிரி இடத்துல கேட்க வேண்டிய கேள்வியே வேற. ரிப்பேர் பண்றவன் வீட்டுக்கு வருவானா, நாம தூக்கிட்டு ஓடணுமா? பல கம்பெனியில வாங்கும்போதே ரெண்டு மூணாயிரம் கூடப் போட்டா, வீட்டுக்கே வந்து பார்க்கற மூணு வருஷ வாரண்டி கிடைக்கும். அந்தக் காசை எட்டு மணி நேரம் வீடியோ கேம் ஆடறவனுக்கான கிராபிக்ஸ் கார்டுல போடறோம். நம்ம பின்கோடுக்கு ஆள் வருவாரான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேளுங்க. ரேம் தனியாக் கழட்ட முடியுமா, போர்டோட பத்த வச்சதா? பேட்டரி ஸ்க்ரூல நிக்குதா, பசையிலயா? எச்பி, டெல், லெனோவோ மூணு பேரும் சர்வீஸ் கையேட்டை இணையத்துல சும்மாவே போட்டு வச்சிருக்காங்க. பத்து நிமிஷம் படிச்சாப் போதும்.

காசு கம்மின்னா, ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின அந்த ஆபீஸ் மாடல்களை ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்டா வாங்கறது தப்பே இல்லை. ஒண்ணு மட்டும் பாருங்க, இன்டெல்னா எட்டாவது தலைமுறைக்குக் கீழ வேண்டாம். விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, 11 அதுல முறைப்படி ஏறாது. லினக்ஸ் போடுவேன்னா ராஜா நீங்க.

"ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க எல்லாம் ஆப்பிள்தானே வச்சிருக்காங்க"ன்னு ஒரு நண்பர் மடக்கினார். நல்ல மெஷின்தான், மறுக்கலை. அதுல ரேமும் சேமிப்பும் போர்டோடயே வருது. கெட்டுப் போனா அவங்க ஊருக்குத் திரும்பிப் போய்க் காட்டிக்குவாங்க. நாம எந்த ஊருக்குத் திரும்பறது? வீட்டுல எர்த் சரியில்லைன்னா அந்த அலுமினிய உடம்பு கையில சுரீர்னு வேற இழுக்கும். (சார்ஜர் ஒயரைக் குரங்கு இழுத்துட்டுப் போறதுக்கு எந்த கம்பெனியும் வாரண்டி தர்றதில்லைங்கறதையும் இங்க பதிவு பண்ணிக்கறேன். :-))

அக்கா பொண்ணோட லேப்டாப்பை எங்க ஊரு ரிப்பேர் கடைத் தம்பி அரால்டைட் வச்சு, அடியில துளை போட்டு ரெண்டு போல்ட்டை முடுக்கிக் கொடுத்துட்டார். ஆயிரத்து இருநூறு ரூபா. பார்க்க அசிங்கமா இருக்கு, ஓடுது. அடுத்த வருஷம் பையன் பிளஸ் டூ முடிக்கறான். "அவனுக்கு எந்த கம்பெனி வாங்கலாம்ப்பா?"ன்னு அக்கா நேத்தே ஆரம்பிச்சுட்டாங்க.

டிஸ்கி: அது எந்த கம்பெனின்னு பின்னூட்டத்துல கேட்காதீங்க. சொன்னா அதை விட்டுட்டு இன்னொரு பேரை நம்பிப் போய் வாங்குவீங்க.