ரகஸியம் எங்கே இருக்கிறது?

2024 ஜனவரியில் வெளிவந்த ‘அயலான்’ குறைகள் மலிந்த படம். வேற்றுக் கிரகவாசியின் கதை பாதி தூரம் போவதற்குள் ஹாஸ்யத்திலும் சண்டையிலும் சிக்கிக்கொள்கிறது. ஆயினும் டைரக்டர் ஸ்ரீ ரவிகுமார் நல்லதொரு கேள்வியைக் கிளப்பியிருக்கிறார். விண்ணிலிருந்து விழுந்த கல்லைக் கைப்பற்றிய முதலாளி ஒருவன், அதன் சக்தியால் சென்னையில் பூமியைத் துளைத்து வாயு எடுக்க முயல்கிறான். தங்கள் காலடியில் நடப்பதை ஊரார் அறியார். கல்லை மீட்க வந்த அயலானும் ஒரு கிராமத்து வாலிபனும் அவனைத் தடுக்கிறார்கள்.

வானத்து ரகஸியத்தைப் பற்றிய பேச்சு புதியதன்று. 1947-ல் அமெரிக்காவில் ராஸ்வெல் அருகே விழுந்த பொருளைப் ‘பறக்கும் தட்டு’ என்று ராணுவமே அறிவித்தது. உடனே வானிலை பலூன் என்று மாற்றிச் சொல்லிற்று. ருஷ்யாவின் அணுகுண்டுப் பரீட்சைகளைக் கண்டறியும் ரகஸிய வேலைக்கான பலூன் அது என்று விமானப்படை கூறியது 1994-ல்தான்! ஒளித்தது ஒரு பலூன். விளைந்தது அரை நூற்றாண்டு வதந்தி. சர்க்கார் வாயை மூடினால் ஜனங்களின் சந்தேகம் வாய் திறக்கும்.

நமக்கு வேண்டிய பாடம் நொய்யல் கரையிலேயே இருக்கிறது. பாசனத்துக்கென 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கிற்று. அணை நீரைத் திறக்க வேண்டாமென்று விவசாயிகளே மன்றாடும் விபரீதம் நேர்ந்தது. பல வருஷ வழக்குக்குப் பின், 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நிலத்தை இழந்தவன் விவசாயி. வேலையை இழந்தவன் தொழிலாளி. கழிவின் கணக்கு வாரந்தோறும் ஊரறிய வெளிவந்திருந்தால், நோய் முற்றுமுன் மருந்து தேடியிருக்கலாம் அல்லவா? கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு முறை பின்னர் வந்தது நல்லதே. அது ஒழுங்காக நடக்கிறதா என்பதை அறியும் உரிமையும் ஜனங்களுக்கு உண்டு.

வெள்ளையர் 1923-ல் இயற்றிய ரகஸியச் சட்டம் இன்னும் ஜீவித்திருக்கிறது. ஆனால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டமும் நம் கையில் இருக்கிறது. கேளாமலே தகவலை வெளியிடும் கடமையை அதன் 4-வது பிரிவு அதிகாரிகள்மேல் சுமத்துகிறது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் எந்தப் பிரஜையும் மனுச் செய்யலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

‘அயலான்’ படத்தின் பெருங்குறை, ஊரார் கேள்வி கேளாததே. ஆகாயத்திலிருந்து ஒருவன் வந்து நம்மைக் காப்பாற்றப்போவதில்லை. கழிவு நீர்ச் சோதனைக் கணக்கை ஊர்தோறும் தமிழில் எழுதி ஒட்டும்படி அதிகாரிகளை வற்புறுத்துவோமாக.