வைக்கலுக்கு நெருப்பு வைக்காதீர்கள்

வடமராட்சி உறவுகளே, காலபோக அறுவடை முடிந்ததும் வெட்டு மெசின் விட்டுச்செல்லும் வைக்கலை வயலிலேயே கொளுத்தும் வழக்கத்தை இந்தத் தை, மாசியோடு நிறுத்துமாறு நெல்லியடி, கரவெட்டிப் பக்கத்து விவசாயிகளும் மாடு வளர்ப்போருமாகிய நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். அது குப்பையல்ல: காய்ந்த வைக்கலின் நிறையில் பாதிக்கு மேல் சங்கிலியாகக் கோத்த சீனிதான். லிக்னினும் சிலிக்காவும் அதைச் சுற்றி இறுகிக் கிடப்பதால் மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்கு அதில் ஒரு பங்குதான் எட்டுகிறது. ஐதான அமிலம், காரம் அல்லது உயர் அழுத்த நீராவியால் இந்தப் பிடியைத் தளர்த்தி, நொதியங்களால் சங்கிலியை உடைத்து, வெளிவரும் சீனியைப் புளிக்கவைத்து எதனோல் எடுக்கலாம். ஹரியானாவின் பானிப்பட்டில் 2022 ஆகஸ்ட் 10இல் திறக்கப்பட்ட இந்தியன் ஒயில் ஆலை ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் வைக்கலிலிருந்து 3 கோடி லீற்றர் எதனோல் எடுப்பதற்கென அமைக்கப்பட்டது. மழையை நம்பி ஒரு போகம் விதைக்கும் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு அவ்வளவு வைக்கலுக்கு எங்கே போகும்?

ஆலை வேண்டாம், பிடியைத் தளர்த்தும் அதே இரசாயனம் போதும். 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் வரை தண்ணீரில் கரைத்துத் தெளித்து, படங்கால் காற்றுப் புகாமல் மூடினால், யூரியா அமோனியா என்னும் காரமாக மாறி இரண்டு மூன்று கிழமையில் நாரை இளக்கிவிடும். 4 சதவீதமளவில் இருந்த புரதமும் ஏறக்குறைய இரட்டிக்கும். மாடு கூடுதலாகத் தின்னும், தின்றது செமிக்கும். சாணத்தை உயிர்வாயுக் குழியில் இட்டால் அடுப்புக்கும் எரிபொருள். காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற 2022 யாருக்கும் மறந்திருக்காது.

யூரியா நஞ்சல்லவா என்று கேட்பது நியாயம். கரைசலை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து. அதை எட்டாத இடத்தில் வையுங்கள். மூடியதைத் திறந்து காற்றாட விட்டபின் கொடுங்கள், ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு வேண்டாம். 2021இல் இரசாயன உரத் தடையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு யூரியாவின் அருமை தெரியும்; அதை வைக்கலில் கொட்டுவதா என்று கேட்கலாம். ஆனால் இங்கே அது வீணாவதில்லை, ஒரு பகுதி தீவனப் புரதமாகிறது. வைக்கல் மண்ணுக்கே உரியது என்பவர்களின் கவலை எங்களுக்கும் உண்டு. அடிக்கட்டையை வயலிலேயே விடுங்கள். உயிர்வாயுக் குழியின் கழிவையும் வயலுக்கே திருப்புவோம். கொளுத்தினால் தழைச்சத்து பெரும்பாலும் புகையோடு போய்விடுகிறது. அள்ள ஆளில்லை என்பதுதான் உண்மையில் பெரிய தடை. ஆகவே மாடில்லாதவர்கள் நெருப்பு வைக்க முன்னர் பக்கத்து மாட்டுப்பட்டிக்கு ஒரு சொல் சொல்லியனுப்புங்கள். வந்து கட்டி ஏற்றிப்போவது எங்கள் பொறுப்பு.