கெளுத்தி தொட்டியின் துப்புரவாளனா?



ஜேர்மனியில் வாழும் எம்மவர் இல்லங்கள் பலவற்றில் மீன் தொட்டி இடம்பெற்றுள்ளது. மாடிக் குடியிருப்பில் ஆடு, கோழிக்கு இடமில்லை; நாய் வளர்ப்பதும் எளிதன்று. எனவே பிள்ளை ஓர் உயிரை வளர்க்க ஆசைப்படும்போது, 60 சென்ரிமீற்றர் நீளமும் 54 லீற்றர் கொள்ளளவும் உடைய கண்ணாடித் தொட்டியொன்று வீட்டுக்கு வருகிறது. நியோன் ரெற்றாவோ கப்பியோ அதில் விடப்படுகின்றன. கூடவே, "அடியிலுள்ள அழுக்கைத் தின்னட்டும்" என்று கெளுத்தி ஒன்றும் சேர்க்கப்படுகிறது. இவ்வாறு ஆராயாது சேர்ப்பது இரு சாராருக்கும் இழைக்கப்படும் தீங்கு என்பதே எமது கருத்து.

கெளுத்தி, கெளிறு என்றெல்லாம் தமிழில் வழங்கும் இம்மீனினத்தில் 3000க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. முழு வளர்ச்சியிலும் விரலளவைத் தாண்டாதவை உள்ளன; றைன் நதியில் மனிதனின் உயரத்தை விஞ்சி வளர்பவையும் உள்ளன. ஆகவே "சிறிய மீன்களுடன் கெளுத்தியை விடலாமா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தக் கெளுத்தி, எவ்வளவு வளரும், எப்போது இரை தேடும் என்றே கேட்டல் வேண்டும்.

முதலாவது, வாயின் அளவு. தன் வாய்க்குள் அடங்கும் மீனைப் பெரும்பாலான கெளுத்திகள் இரையாகவே கொள்ளும். வெள்ளி உடலில் கரும்புள்ளிகளும் நீண்ட மீசையும் கொண்ட பிமெலோடஸ் பிக்ரஸ் சுமார் 11 சென்ரிமீற்றரே வளரும். ஆயினும் 3 அல்லது 4 சென்ரிமீற்றர் நீளமுள்ள நியோன் ரெற்றாவை விழுங்க அதற்கு அதுவே போதும். அமேசன் நதியின் செவ்வால் கெளுத்தி கடையில் விரல் நீளக் குஞ்சாக அழகு காட்டும்; வளர்ந்தபின் ஒரு மீற்றரைத் தாண்டும். 'ஹைவெல்ஸ்' என்று விற்கப்படும் குஞ்சும் அத்தகையதே. எமது தாய்மார் உறைந்த மீனாக வாங்கிக் குழம்பு வைக்கும் பங்காசியஸ் அதுவேயென்றால் பலர் வியப்பர். மேக்கொங் பெருநதியில் ஓட வேண்டிய அம்மீனுக்கு வரவேற்பறைத் தொட்டி சிறைக்கூடமன்றி வேறென்ன?

இரண்டாவது, வேளை. "எமது தொட்டியில் ஒருநாளும் சண்டை நடந்ததில்லை" என்று சிலர் கூறுவர். உண்மையே, கெளுத்தி சண்டையிடுவதில்லை, விழுங்குகிறது. அதுவும் விளக்கணைந்த பின்னர். பகலெல்லாம் கல்லிடுக்கில் உறங்கும் மீன் இரவில் மீசையால் தடவி, மணமும் சுவையும் அறிந்து இரை தேடும். உறங்கும் சிறு மீன்களுக்கு அது தெரிவதில்லை. காலையில் பிள்ளை எண்ணிப் பார்க்கையில் ஒன்று குறைந்திருக்கும். சண்டை இல்லாமை சமாதானத்துக்குச் சான்றாகாது.

மூன்றாவது, உணவு. இங்கேதான் மக்களிடையே பெரும் தவறான எண்ணம் நிலவுகிறது. கெளுத்தி மற்றைய மீன்களின் கழிவைத் தின்று உயிர் வாழ்வதில்லை. மேலே உள்ள மீன்கள் உணவை முழுதும் உண்டுவிட்டால், அடியில் உள்ளது பட்டினி கிடந்து மெலிந்து சாகும். கீழே இருப்பவன் மேலே இருப்பவன் சிந்தியதைப் பொறுக்கி வாழ்வான் என்னும் எண்ணம் மீனிடத்தும் பொருந்தாது, மனிதரிடத்தும் பொருந்தாது. அதற்கென மூழ்கும் உணவு வில்லைகளை விளக்கணைக்கும் வேளையில் இடுதல் வேண்டும். தொட்டியைத் துப்புரவு செய்வது மீனின் கடமையன்று, வளர்ப்பவரின் கடமை.

அப்படியாயின் சிறிய மீன்களுடன் வாழத்தக்க கெளுத்தியே இல்லையா? உண்டு. பிள்ளைகள் 'பன்சர்வெல்ஸ்' என்று அறிந்த கவசக் கெளுத்தி, அதாவது கொறிடோராஸ், அவற்றுள் முதன்மையானது. தென்னமெரிக்காவுக்குரிய இது சாதுவானது, வாயும் சிறியது. இதன் வகையொன்றை சாள்ஸ் டார்வின் தமது பீகிள் கப்பற் பயணத்தில் சேகரித்தார். 1842 இல் அது அறிவியலில் விபரிக்கப்பட்டது. கூட்டமாக வாழும் இயல்புடையதால் ஆறு மீன்களாயினும் சேர்த்து வளர்த்தல் நன்று. கூரிய சரளைக்கற்கள் அதன் மென்மையான மீசையைத் தேய்த்துவிடும்; அடியில் மணலே ஏற்றது. இடையிடையே மேலெழுந்து காற்றை விழுங்குவது நோயன்று. விழுங்கிய காற்றிலிருந்து குடலின் வழியே பிராணவாயுவைப் பெறும் ஆற்றல் அதற்குண்டு. ஆனால் பெரிய மீன்களோடு அதனை விடலாகாது. அதன் செட்டை முட்கள் விறைத்து நிற்பவை. விழுங்க முயலும் மீனின் தொண்டையில் சிக்கி இரண்டையும் கொன்றுவிடும்.

தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட மீனை ஆற்றிலோ குளத்திலோ விடுவதும் நேர்கிறது. இது சட்டத்துக்கும் முரணானது, இயற்கைக்கும் கேடானது. கொலோன் நகருக்கு அண்மையிலுள்ள கில்பாக் ஓடையில், மின் நிலையத்தின் வெந்நீர் கலப்பதனால், தொட்டிகளிலிருந்து விடப்பட்ட கப்பிகளும் அன்சிஸ்ரஸ் கெளுத்திகளும் பெருகி வாழ்வது அறியப்பட்டுள்ளது. 2002 ஆம் ஆண்டில் விலங்குகளின் பாதுகாப்பை அரசியலமைப்பிலேயே சேர்த்துக்கொண்ட நாட்டில் நாம் வாழ்கின்றோம் என்பதை மறத்தலாகாது.

பெற்றோரை நாம் வேண்டுவது இதுவே: வாங்குமுன் அம்மீனின் முழு வளர்ச்சியளவைக் கேளுங்கள். விற்பவர் கூறத் தயங்கினால் வாங்காது திரும்புங்கள். பிள்ளையின் கண்ணீரை ஒரு வாரம் பொறுக்கலாம். ஓர் உயிரை ஆண்டுக்கணக்கில் வதைத்தல் தகாது.

மாணவர்களே, உங்கள் தொட்டிக்கு ஒரு கொப்பி வையுங்கள். மீன்களின் எண்ணிக்கையையும் உணவிட்ட வேளையையும் நாள்தோறும் தமிழில் எழுதுங்கள். மீசை, செட்டை, செவுள், குஞ்சு என்னும் சொற்கள் மனப்பாடமின்றியே உங்கள் நாவில் நிலைக்கும். இரவில் விளக்கணைந்தபின் உங்கள் தொட்டியில் நடப்பதற்கும் நீங்களே பொறுப்பாளிகள் என்பதை உணர்ந்தால், அதுவே சிறந்த கல்வி.